பச்சைப் பஞ்சு

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் மருந்துக் கிடங்கைத் தாண்டி நடந்தால் கடைசிக் கதவு லாண்டரி. அங்கே அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். டிரையரில் துணி காயும்போது உதிரும் தூசிப்பஞ்சு அவள் தலையிலும் புருவத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். உதறிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். ஆனாலும் காதோரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

"என்னக்கா, நரையா பஞ்சா?" என்று மடிப்பு மேஜைக்காரிகள் கேட்டால், "நரை பர்மனென்ட், பஞ்சு டெம்பரவரி" என்பாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அதே வேலை. நான்கு டிரையர்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி, துண்டு என்று எல்லாம் ஈரமாக வந்து சூடாகப் போகும். ஒவ்வொரு டிரையருக்கும் கதவுக்குக் கீழே ஒரு தட்டு. அதில்தான் பஞ்சு வலை. இரண்டு தடவை துணி போட்டு எடுத்தால் ஒரு தடவை அந்தத் தட்டை உருவி, வலையில் படிந்த பஞ்சைப் போர்வை உரிப்பதுபோல உரித்து, திரும்பச் சொருக வேண்டும். சொருகும்போது டக்கென்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்காமல் அவள் கதவை மூடியதே இல்லை.

அவள் செய்யவில்லை என்று லாண்டரி மேனேஜர் எழுதிக்கொடுத்ததும் அந்த வேலையைத்தான்.

போன வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மூன்றாம் நம்பர் டிரையரில் புகை வந்தது. தீ இல்லை. பதினான்கு விரிப்புகள் காபி நிறத்துக்குத் தீய்ந்துபோயின. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியதும், கண் டாக்டருக்குக் காத்திருந்தவர்கள் சொட்டு மருந்து விட்ட கண்ணோடு வாசலுக்கு ஓடினார்கள். மறுநாளே லாண்டரி மேனேஜர் அறிக்கை எழுதினார்: காலை ஷிப்ட் பணியாளர் பஞ்சு வலையைச் சுத்தம் செய்யாமல் சென்றதே காரணம். காலை ஷிப்ட் என்றால் அவள்தான். அவளை டிரையரிலிருந்து எடுத்து மடிப்பு மேஜையில் நிறுத்தினார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. தப்பு நிரூபணமானால் வேலை கிடையாது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

ஆனால் அவளிடம் சாட்சி இருந்தது. அது அவள் போனுக்குள் இருந்தது.

காலை ஷிப்டுக்கும் பிற்பகல் ஷிப்டுக்கும் ரொம்ப நாளாக ஒரு சண்டை. "பஞ்சை எங்க தலையில கட்டிட்டுப் போறீங்க" என்று அவர்கள் சொல்வார்கள். "நீங்கதான் எங்களுக்கு வச்சுட்டுப் போறீங்க" என்று இவர்கள் சொல்வார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் பஞ்சக்காவுக்கு அலுத்துப்போனது. அன்றிலிருந்து தினமும் வேலை முடித்துக் கிளம்பும் முன் நான்கு வலைகளையும் சுத்தம் செய்து, சுவர்க்கடிகாரமும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, நான்கு போட்டோ எடுத்துக்கொண்டாள். யாருக்கும் அனுப்பவில்லை. சண்டை வந்தால் காட்டலாம் என்று வைத்திருந்தாள். படம் எடுப்பது பிற்பகல் ஷிப்டின் காதுக்குப் போனதும் சண்டை நின்றுபோனது. அவள் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"அத்தை, போன்ல மட்டும் வச்சிருக்காதீங்க, வேற எங்கயாவது ஏத்தி வைங்க" என்று மருமகள் முன்பே சொல்லியிருந்தாள். ஏற்றத்தான் பார்த்தார்கள். இடமில்லை என்று வந்தது. இடத்தையெல்லாம் பஞ்சக்காவின் அக்கா தினமும் அனுப்பும் காலை வணக்கப் பூக்கள் பிடித்திருந்தன. அதை அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. "அழிச்சா அவளுக்குத் தெரிஞ்சுடும்" என்றாள். தெரியாது என்று மருமகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்ததும், போட்டோக்களைத் தேதிவாரியாகப் பிரித்து வைக்கலாம் என்று இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தாள். திரை கறுப்பாக இருந்தது. காலையிலேயே நான்கு சதவீதம்தான் இருந்தது. முந்தின ராத்திரி சார்ஜில் போட்டுத்தான் படுத்திருந்தாள். ஏறவில்லை போலிருக்கிறது, வயர் நழுவியிருக்கும் என்று அப்போது நினைத்திருந்தாள்.

சார்ஜில் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள். அதே கறுப்பு.

வீட்டில் அப்போது மூன்று பேர். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்திருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகளுக்கு அன்று விடுமுறை. மகன் வேலை நிமித்தமாக வெளியூரில் இருந்தான்.

"ப்ளக்கு சரியில்ல" என்றார் கணவர். வேன் நின்றாலும் மிக்ஸி நின்றாலும் அவர் முதல் வார்த்தை அதுதான். கூடத்துப் ப்ளக்கிலிருந்து எடுத்துச் சமையலறைப் ப்ளக்கில் போட்டார். அங்கிருந்து படுக்கையறை. படுக்கையறையிலிருந்து வாஷிங் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ப்ளக்.

"அது பதினஞ்சு ஆம்பியருங்க. போனுக்கு எதுக்கு?"

"கொஞ்சம் வேகமா ஏறட்டுமேன்னு."

"ஒண்ணுமே ஏறலைங்கறேன். இதுல வேகம் வேற."

மருமகள் தன் சார்ஜரைக் கொண்டுவந்தாள். அதில் அவள் போன் ஏறியது, அத்தை போன் ஏறவில்லை. அத்தை சார்ஜரில் மருமகள் போனைப் போட்டுப் பார்த்தார்கள். ஏறியது. "அப்ப சார்ஜர் நல்லாருக்கு, வயர் நல்லாருக்கு, ப்ளக்கும் நல்லாருக்கு மாமா" என்றாள் மருமகள்.

"அப்ப போன்தான் நல்லால்ல" என்றார் அவர், தானே கண்டுபிடித்ததுபோல. "அரிசியில போட்டு வை. எங்க டிரைவர் ஒருத்தன் அப்படித்தான் போட்டு எடுத்தான்."

"அது தண்ணியில விழுந்ததுக்கு மாமா."

"இதுவும் விழுந்திருக்கலாமே."

"நான் துணி காய வைக்கிறவ. என் கையில எதுவும் ஈரமா இருந்தது கிடையாது" என்றாள் பஞ்சக்கா. சிரிக்கவில்லை. மணி நாலரை. நாளை பத்து மணி என்பது அவள் கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தது.

மருமகள் தன் போனிலிருந்து தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி எலக்ட்ரீஷியன். கட்டிட வேலையில் எட்டாவது மாடியில் நின்றிருந்தான். அவன் பக்கத்தில் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார்ஜ் ஏறலடா. நாளைக்கு விசாரணை. அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு."

"பின்ன..." என்றான் தம்பி. துளை போடும் சத்தம் வந்தது. "...க்ளீன் பண்ணிப் பாருக்கா. நல்லா. பின்ன..." மறுபடி சத்தம். பிறகு லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்றார் கணவர்.

"பின்ன க்ளீன் பண்ணணுமாம்."

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கணவர் போனைக் கவிழ்த்துப்போட்டு, உறையைக் கழற்றி, முதுகைத் தன் சட்டை நுனியால் பளபளவென்று துடைத்தார். மருமகள் கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, சார்ஜர் வயரின் நுனியைத் துடைத்தாள். பஞ்சக்கா தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"பின்னாடி க்ளீன் பண்றேன். அவன்தானே சொன்னான்?"

"அது பின்னாடி இல்ல மாமா, பின்னு" என்றாள் மருமகள். "வயரோட நுனி. அதைத்தான் பின்னுன்னு சொல்லுவாங்க."

"நான் பின்னால க்ளீன் பண்ணச் சொன்னான்னு நினைச்சேன்" என்று பஞ்சக்கா ஊக்கைத் தூக்கிக் காட்டினாள். "இந்தப் பின்னால."

கணவர் மூவரின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு வார்த்தைக்கு ஒரு வீடே வேலை பார்த்திருக்கு" என்றார். "உன் தம்பியைக் கல்யாணத்துலேர்ந்து பார்க்கறேன். ஒருநாளாவது முழுசாப் பேசியிருக்கானா?"

"எட்டாவது மாடியில நிக்கறவன் எங்க முழுசாப் பேசுவான்?" என்றாள் பஞ்சக்கா. ஊக்கைத் திரும்பச் சேலையில் குத்திக்கொண்டாள். டிரையருக்குள் சூட்டை அளக்கும் சின்னக் கம்பி ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் இரும்புச் சாமானே கொண்டுபோகக்கூடாது என்பது லாண்டரிச் சட்டம். அந்தப் பழக்கத்தில் போனுக்குள்ளும் ஊக்கு நுழைய வேண்டாம் என்று பட்டது.

முதுகு பளபளத்தது. வயர் நுனி ஸ்பிரிட் வாசனை அடித்தது. போன் மட்டும் கண் திறக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு மருமகளும் அவளும் போன் ரிப்பேர் கடைக்குப் போனார்கள். ஒரு கதவு அகலமே இருந்த கடை. கண்ணாடிப் பெட்டியில் உறைகள், மேலே விளக்கு, எதிரே ஏழு பேர். கடைக்காரர் குனிந்த தலை நிமிராமல் போனை வாங்கினார். ஓட்டைக்குள் ஒரு பார்வை பார்த்தார். "சுத்தமாத்தான் இருக்கு" என்றார். தன் வயரைச் சொருகி, நடுவில் ஒரு சின்ன மீட்டரை மாட்டினார். மீட்டரில் பூஜ்யம்.

"கரண்டே உள்ள போகலம்மா. போர்டு போயிருக்கும். வச்சுட்டுப் போங்க, ரெண்டு நாள் ஆகும்."

"நாளைக்குக் காலையில வேணும்பா."

"போர்டு மாத்தணும்மா. மாத்தினா உள்ள இருக்கறதுக்கு நான் கேரண்டி இல்ல."

"உள்ள இருக்கறதுதான் வேணும். போனே வேண்டாம்."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. ஏழு பேர் நின்றிருந்தார்கள், அவ்வளவுதான். "வேற எங்கயாவது காட்டிப் பாருங்கம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், தெருமுனையில் மருமகள், "அத்தை, போட்டோ இல்லைன்னாலும் நீங்க சொன்னா நம்ப மாட்டாங்களா?" என்றாள்.

"நான் சொல்றது எழுத்துல இல்லைங்கறாங்க. மேனேஜர் சொன்னது எழுத்துல இருக்கு" என்றாள் பஞ்சக்கா.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் வயரை எடுத்து மறுபடி போனில் சொருகினாள். எடுத்தாள். சொருகினாள். மருமகளின் போனை இழுத்து அதில் சொருகிப் பார்த்தாள். டக்கென்று உட்கார்ந்தது. தன் போனில் சொருகினாள். போனது, உட்காரவில்லை. மெத்தையில் கை வைத்ததுபோல லேசாகத் திருப்பித் தள்ளியது. வயரின் வெள்ளிநிற நுனி ஒரு நெல் அளவு வெளியே தெரிந்தது.

அவள் கை அப்படியே நின்றது.

இந்தத் தள்ளல் அவளுக்குத் தெரியும். வலைத்தட்டைச் சொருகும்போது அதன் சந்துக்குள் பஞ்சு நெரிந்து கிடந்தால் தட்டு இப்படித்தான் போகும். முழுக்கப் போனதுபோல் இருக்கும். சத்தம் வராது. புதிதாக வரும் பெண்கள் கதவை மூடிவிடுவார்கள். அவள் மூட விடமாட்டாள்.

"ஏம்மா, உன் போன் டார்ச்சைப் போடு."

மருமகள் அடித்த வெளிச்சத்தில் ஓட்டைக்குள் பார்த்தாள். அடித்தளம் சாம்பல் நிறமாக, தட்டையாக, சுத்தமாகத்தான் தெரிந்தது. கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. மருமகளின் போனுக்குள் பார்த்தாள். அங்கே அடித்தளம் இன்னும் ஆழத்தில், கறுப்பாக, நடுவில் ஒரு மெல்லிய நாக்கோடு இருந்தது.

"இதுல நாக்கைக் காணோம்" என்றாள். "இது தரையில்ல. பஞ்சு."

"உங்க இடுப்புப் பையிலதானே அத்தை போன் இருக்கும்?"

"இருபத்திரண்டு வருஷமா அந்தப் பையிலதான் எல்லாமே இருக்கு."

பல் குத்தும் மரக்குச்சி ஒன்றை எடுத்து, நுனியைக் கத்தியால் தட்டையாகச் சீவினாள். நாக்கைத் தொடாமல் ஓரமாக விட்டு, வலையில் பஞ்சின் ஓரத்தை நகத்தால் கிளப்புவதுபோல மெதுவாகக் கிளப்பினாள். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை ஒரு நூல். மூன்றாவது தடவை ஒரு மூலை எழும்பியது. அதைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். நகம் அளவுக்கு ஒரு துண்டு முழுதாக வந்தது, அழுத்தி அழுத்திக் கம்பளம் ஆகிவிட்ட துண்டு. அதன் ஓரத்தில் அடுக்குகள் தெரிந்தன: வெள்ளை, பச்சை, வெள்ளை, பச்சை.

"பச்சை எங்கேர்ந்து?" என்றார் எட்டிப் பார்த்த கணவர்.

"ஆபரேஷன் தியேட்டர்" என்றாள். "செவ்வாயும் வியாழனும் அந்தத் துணி வரும்."

அவள் தலையிலும் புருவத்திலும் இல்லாத பச்சை போனுக்குள் எட்டு மாதமாக வாரக் கணக்கு வைத்திருந்தது. இன்னும் இரண்டு தடவை சுரண்டினாள், ஊதினாள், டார்ச்சில் பார்த்தாள். நாக்கு தெரிந்தது. வயரை எடுத்துச் சொருகினாள்.

டக்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு. ஆனா ஒண்ணும் வரலையே" என்றார் கணவர்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். கணவர் ப்ளக்கை மாற்றலாமா என்று எழுந்தார். "உட்காருங்க. ரொம்பக் காஞ்சு கிடக்கு, கொஞ்சம் குடிக்கட்டும்" என்றாள். ஏழாவது நிமிஷம் திரை நடுவில் ஒரு காலி பேட்டரி வந்தது. அதன் அடியில் மெல்லிய சிவப்புக் கோடு.

மருமகள் சத்தம் போடாமல் அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கணவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பஞ்சக்கா அந்தத் துண்டுப் பஞ்சை ஒரு வெற்று மாத்திரை டப்பாவில் போட்டு மூடினாள்.

அப்போதுதான் தம்பி கூப்பிட்டான். "பின்ன க்ளீன் பண்ணியாக்கா? போனுக்குள்ள ஒரு பின்னு இருக்கும், நாக்கு மாதிரி. அதைச் சொன்னேன்."

"பண்ணியாச்சு" என்றார் கணவர், போனை வாங்கி. "ஆனா இனிமே நீ தரைத்தளத்துல நின்னு பேசு மாப்ள."

அன்று சாப்பிட்டு முடிப்பதற்குள் மருமகள் அந்தப் போட்டோக்களை வேறு இரண்டு இடங்களில் ஏற்றிவிட்டாள். பூக்களை யாரிடமும் கேட்காமல் அழித்தாள். மூன்றாம் நம்பர் வலைக்கு மட்டும் நூற்றுத் தொண்ணூற்றொரு படங்கள் இருந்தன.

பஞ்சக்கா வெகுநேரம் படத்தைப் பார்க்கவில்லை. மாத்திரை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார்ஜர் நல்லாருக்கு, வயர் நல்லாருக்கு, ப்ளக்கும் நல்லாருக்கு. வழிதான் அடைச்சிருக்கு. அதை அவள் மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு இரண்டாவது மாடி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நிர்வாக அதிகாரி, வலப்பக்கம் நர்ஸ் சூப்பரிண்டென்டென்ட், இடப்பக்கம் லாண்டரி மேனேஜர். எதிரே ஒரு நாற்காலி போட்டிருந்தது. அவள் உட்காரவில்லை. சொல்லும்வரை உட்காராதது அவள் வழக்கம். அன்று யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் அறிக்கையைப் படித்தார். அதிகாரி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். போன வெள்ளிக்கிழமைப் படம். மூன்றாம் நம்பர் வலை, கண்ணாடி மாதிரி சுத்தமாக. பின்னால் சுவர்க்கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்திரண்டு.

"படம் என்னைக்கு வேணா எடுத்திருக்கலாம் சார்" என்றார் மேனேஜர்.

நர்ஸ் சூப்பரிண்டென்டென்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். படத்தின் அடியில் தேதி பார்த்தார். விரலால் தள்ளினார். வியாழன். புதன். செவ்வாய். தள்ளிக்கொண்டே போனார். "எட்டு மாசத்துக்கும் ஒருநாள்ல உட்கார்ந்து கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வச்சு எடுத்தாங்களா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "சரி. வலை சுத்தமாத்தான் இருந்திருக்கு. ஆனா மிஷினுக்குள்ள பஞ்சு கருகியிருக்குன்னு ஃபிட்டர் எழுதியிருக்கார். அந்தப் பஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?"

அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. நேற்று வரை இல்லை. பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து வைத்தாள்.

"என்ன இது?"

"என் போன்லேர்ந்து எடுத்தது சார். நேத்து சார்ஜ் ஏறல. சார்ஜரைப் பார்த்தோம், நல்லாருந்துச்சு. வயரைப் பார்த்தோம், நல்லாருந்துச்சு. கடையில போர்டு போச்சுன்னாங்க. கடைசியில நடுவுல வழி அடைச்சிருந்துச்சு. இத்தனூண்டு."

மேனேஜர் சிரித்தார். "பஞ்சைச் சுத்தம் பண்றவங்க போன்லயே பஞ்சு."

"ஆமா சார். மிஷினுக்கு நேரம் இருந்துச்சு, போனுக்கு இல்ல" என்றாள். நர்ஸ் சூப்பரிண்டென்டென்ட் உதட்டைக் கடித்துக்கொண்டார். "மூணாம் நம்பருக்கும் வலையைத்தான் எல்லாரும் பார்க்கறோம். வலை நல்லாருக்கு. அதுக்குப் பின்னால சுவருக்குள்ள போற குழாய் இருக்கே, சூடான காத்து வெளிய போறது, அதை யாரும் பார்க்கல. ரெண்டு மாசமா அதுல துண்டு காய ஒரு மணி நேரம் ஆகுது. மத்த மூணுலயும் முப்பத்தஞ்சு நிமிஷம். சொன்னேன். ஹீட்டர் பழசு, அப்படித்தான் இருக்கும்னாங்க."

"குழாய் ஆறு மாசத்துக்கு ஒருதரம் வெளியாள் வந்து சுத்தம் பண்றாங்க" என்றார் மேனேஜர் வேகமாக. "ரெஜிஸ்டர்ல இருக்கு."

"ரெஜிஸ்டர்ல யார் கையெழுத்துன்னு நான் பார்க்கல சார். குழாயைப் பார்க்கலாம்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்துகொண்டார். "வாங்க, பார்த்துடலாம்."

நான்கு பேரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். மடிப்பு மேஜையில் கைகள் நின்றன. ஃபிட்டரை வரச் சொன்னார்கள். அவர் மூன்றாம் நம்பர் டிரையரை முன்னால் இழுத்து, பின்புறம் சுவருக்குப் போகும் தகரக் குழாயின் வளையத்தைத் தளர்த்தினார். பானை அகலக் குழாய். கழற்றிக் கீழே சாய்த்தார். ஒன்றும் விழவில்லை.

"காலியா இருக்கு" என்றார் மேனேஜர்.

"தட்டுங்க அண்ணே" என்றாள் பஞ்சக்கா. "வளைவுல தட்டுங்க. விழாது. அடைச்சிருந்தா விழாது."

ஃபிட்டர் வளைவில் ஸ்பேனரால் தட்டினார். ணங் என்று கேட்க வேண்டிய இடத்தில் தலையணையை அடித்தது போல் தொப்பென்றது. அவர் கையை உள்ளே விட்டார். முழங்கை வரை போனது. பிடித்து இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. சுருட்டிய மெத்தை போல, குழாயின் உருவத்திலேயே அச்சாக, ஒரு முனை கருகி, வெள்ளையும் பச்சையுமாக அடுக்கடுக்காக. தரையில் விழுந்து அதன் பாட்டுக்குப் பிரிந்தது. சூப்பரிண்டென்டென்டின் வெள்ளை ஷூ மறைந்துபோனது. நிர்வாக அதிகாரி தொடர்ந்து நாலு தும்மல் போட்டார்.

"இது ரெண்டு மாசத்துப் பஞ்சு இல்ல" என்றார் ஃபிட்டர், தலையைச் சொறிந்தபடி. "ரெண்டு வருஷம் இருக்கும்."

யாரும் மேனேஜரைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதை விட மோசமாக இருந்தது.

"ரெஜிஸ்டரை என் ரூமுக்குக் கொண்டுவாங்க" என்றார் அதிகாரி, கைக்குட்டைக்குள்ளிருந்து. பிறகு பஞ்சக்காவிடம், "நீங்க பழையபடி டிரையர்லயே இருங்கம்மா" என்றார்.

"எழுத்துல வேணும் சார்."

"என்னது?"

"நான் சுத்தம் பண்ணலைன்னு எழுத்துல இருக்கு. பண்ணினேன்னும் எழுத்துல இருக்கணும். குழாய் எப்ப திறக்கறாங்க, யார் திறந்து பார்த்தாங்கன்னும் இனிமே எழுதணும்."

நர்ஸ் சூப்பரிண்டென்டென்ட் ஷூவை உதறிக்கொண்டே பேனாவை எடுத்தார். மடிப்பு மேஜையின் ஓரத்தில், தலையணை உறைகளுக்கு நடுவில் தாளை வைத்து, அங்கேயே எழுதினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவ்வளவு நேரமும் எல்லோரும் நின்றார்கள்.

பிறகு ஃபிட்டர் குழாயை மாட்டினார். அவள் ஒரு வண்டி ஈரத் துண்டுகளை மூன்றாம் நம்பரில் போட்டுக் கதவை மூடினாள். போக வேண்டியவர்கள் போகவில்லை. அதிகாரி கூட ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்கு மேலே அவசர வேலை இருப்பதாக இரண்டு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தார். மடிப்பு மேஜைக்காரிகள் மடிப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

முப்பத்து நான்காவது நிமிஷம் மணி அடித்தது. அவள் கதவைத் திறந்தாள். அடியிலிருந்து, நடுவிலிருந்து, கதவோரத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்தாள். மூன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றை மேனேஜரிடம் நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்க சார்."

அவர் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கு" என்றார்.

"சூடு போயிடும் சார். ஈரம் இருக்கா பாருங்க."

"இல்ல."

"சத்தமாச் சொல்லுங்க சார், மேஜைக்குக் கேட்கலையாம்" என்றாள் ஒரு மடிப்பு மேஜைக்காரி. சிரிப்பு எழுந்தது. அதில் ஃபிட்டரின் சிரிப்புதான் பெரிது.

பஞ்சக்கா சிரிக்கவில்லை. அடுத்த வண்டியை இழுத்துக்கொண்டு, வழியில் நாற்காலி போட்டிருந்த நிர்வாக அதிகாரியிடம், "கொஞ்சம் நகருங்க சார், தியேட்டர் துணி காத்துட்டு இருக்கு" என்றாள். அவர் நகர்ந்தார்.